கடை லேப்டாப்பில் ஓசை வந்து வந்து போகிறதா?



நம் பிள்ளையார்பாளையத்தில் பில் போடவும் இருப்புப் பார்க்கவும் லேப்டாப் வைத்திருக்கும் மளிகைக் கடைகள் பெருகிவிட்டன. சிலர் புதிதாக வாங்கினார்கள். வேறு சிலர் பிள்ளைகள் படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப்பையே கல்லாப் பக்கம் வைத்துக்கொண்டார்கள். தமிழக அரசு அந்த விலையில்லா லேப்டாப் திட்டத்தை 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. எல்காட் மூலம் வாங்கிக் கொடுத்த அந்த லேப்டாப்களில் பலவற்றில் 'பாஸ்' லினக்ஸ் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007-ல் வெளியிட்ட இயங்குதளம் அது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. புதிய விண்டோஸ் ஏறாத பழைய லேப்டாப்களில் லினக்ஸ் போட்டுக் கொள்பவர்கள் உண்டு. உரிமப் பணம் இல்லை, பழைய மெஷினிலும் ஓடுகிறது. நல்லதுதான். ஆனால் நண்பர்கள் நம்மிடம் சொல்லும் குறை ஒன்று: "ஓசை சில நேரம் வருகிறது, சில நேரம் வரவில்லை."

பில் போடுவதற்கு ஓசை எதற்கு என்று கேட்கலாம். இன்று வாடிக்கையாளர்களில் பலர் சாமான் பட்டியலை எழுதி அனுப்புவதில்லை, வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புகிறார்கள். எங்களிடம் சரக்கு எடுக்கும் ஒரு கடையில் நடந்தது இது. தறிக்காரர் வீட்டு விசேஷத்துக்கு "ஒன்றரை கிலோ துவரம்பருப்பு" என்று பேசி அனுப்பியிருந்தார்கள். லேப்டாப்பில் முதல் சொல்லின் தலை வெட்டுப்பட்டு "அரை கிலோ" என்று மட்டும் கேட்டது. கடைக்காரர் அரை கிலோ கட்டினார். பந்தியில் சாம்பார் பற்றவில்லை. பல வருட வாடிக்கை அந்த ஒரு நாளில் கசந்துபோனது. ரிப்பேர்க்காரர் வந்து பார்த்து, மதர்போர்டு மாற்ற வேண்டும், சில ஆயிரம் ஆகும் என்றார். உண்மையில் ஒரு பைசா செலவில்லாமல் சரியாகக் கூடிய குறை அது. எப்படி என்பதே இந்தப் பாடம்.

ஓசை வரும் பாதை

ஆலையிலிருந்து கமிஷன் மண்டி, மண்டியிலிருந்து மொத்தக் கடை, அங்கிருந்து சில்லறைக் கடை, பிறகு வாடிக்கையாளர் கை. சரக்கு வந்து சேரவில்லை என்றால் எந்த இடத்தில் நின்றது என்றுதானே விசாரிக்கிறோம்? ஓசைக்கும் இப்படி ஒரு வழி உண்டு.

முதலில், ஓசையை அனுப்பும் புரோகிராம். அடுத்து, பல புரோகிராம்களின் ஓசையை வாங்கிப் பங்கிடும் இடைத்தரகர். பழைய லினக்ஸில் இதன் பெயர் பல்ஸ் ஆடியோ, புதியவற்றில் பைப்வயர். அதற்கும் கீழே 'அல்சா' என்னும் ஓட்டி. இதுதான் மெஷினுக்குள் இருக்கும் ஒலிச் சில்லுடன் நேராகப் பேசுவது. கடைசியில் ஸ்பீக்கர் அல்லது இயர்போன். இந்த நான்கில் எங்கே நின்றது என்று தெரியாமல் மதர்போர்டை மாற்றுவது, ஒரு இழை அறுந்ததற்குப் பாவையே வெட்டி எறிவது போன்றது.

வரிசையாகப் பார்க்க வேண்டியவை

1. இயர்போன் சோதனை. இயர்போனில் கேட்டு ஸ்பீக்கரில் கேட்காவிட்டால், இயர்போன் துளையைப் பாருங்கள். மளிகைக் கடையில் மாவும் மிளகாய்த்தூளும் பறக்காத நாள் இல்லை. துளைக்குள் தூசி அடைந்தால், இயர்போன் செருகியே இருப்பதாக மெஷின் எண்ணி ஸ்பீக்கரை அடைத்துவிடும். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் துடையுங்கள். ஊசி, குண்டூசி விடக் கூடாது.

2. எந்த வழியாக வெளியேறுகிறது? ஒலி அமைப்புப் பக்கத்தில் 'அவுட்புட்' என்ற இடத்தைப் பாருங்கள். டி.வி.க்குப் போகும் எச்.டி.எம்.ஐ. வழியோ, எப்போதோ இணைத்த புளூடூத் கருவியோ தேர்வாகி இருக்கலாம். சரக்கு வேறு ஊர் லாரியில் ஏறியது போலத்தான். லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

3. அல்சாவின் பூட்டு. மேலே ஒலி அளவு முழுவதும் இருந்தாலும் அடியில் பூட்டி இருக்கலாம். டெர்மினல் திறந்து 'அல்சாமிக்சர்' என்று தட்டி என்டர் கொடுங்கள். ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி இல்லாமல்: ஏ எல் எஸ் ஏ எம் ஐ எக்ஸ் இ ஆர். எஃப் 6 அழுத்தி உங்கள் ஒலி அட்டையைத் தேர்ந்தெடுங்கள். மாஸ்டர், ஸ்பீக்கர், ஹெட்போன் என்று கம்பங்கள் தெரியும். கம்பத்தின் அடியில் இரண்டு 'எம்' எழுத்து இருந்தால் அது பூட்டு. அம்புக்குறியால் அதன்மேல் நின்று 'எம்' விசையை அழுத்தினால் திறக்கும். 'ஆட்டோ மியூட்' என்று ஒன்று இருந்தால் அதையும் நிறுத்திப் பாருங்கள். துளை கெட்டுப்போன மெஷினில் இதுவே ஸ்பீக்கரை மீட்கும்.

4. இடைத்தரகர் மயங்கி நின்றால். காலையில் வந்த ஓசை மதியம் நின்று, மெஷினை அணைத்துப் போட்டதும் வந்தால் சந்தேகம் பல்ஸ் ஆடியோ அல்லது பைப்வயர் மேல். அதை மட்டும் மறுபடி தொடங்கினால் போதும். அதற்கான கட்டளையைத் தெரிந்தவரிடம் ஒருமுறை கேட்டு, கல்லா அருகே சீட்டில் எழுதி ஒட்டி வையுங்கள்.

5. விண்டோஸும் லினக்ஸும் ஒரே மெஷினில் இருந்தால். விண்டோஸிலிருந்து ரீஸ்டார்ட் கொடுத்து நேரே லினக்ஸுக்கு வரும்போது சில மெஷின்களில் ஒலிச் சில்லு பழைய நிலையிலேயே நின்றுவிடுகிறது. முழுவதும் அணைத்து, சற்றுப் பொறுத்து, பிறகு லினக்ஸைத் திறந்து பாருங்கள்.

6. புதுப்பித்த பின் நின்றால். லினக்ஸின் கருப்பகுதிக்கு 'கெர்னல்' என்று பெயர். அதைப் புதுப்பித்த மறுநாள் ஓசை நின்றால், தொடக்கத்தில் வரும் பட்டியலில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' பகுதிக்குள் முந்தைய கெர்னல் பெரும்பாலும் காத்திருக்கும். அதில் நுழைந்து ஓசை வந்தால் குறை மெஷினில் இல்லை என்பது உறுதி. எந்தப் புதுப்பிப்புக்கும் முன் பில் கணக்கைப் பென்டிரைவில் நகல் எடுத்து வைப்பது வணிகர் கடமை.

தலை வெட்டுப்படும் ஓசை

இனி அந்தத் துவரம்பருப்பு விஷயம். பேட்டரி மிச்சமாக வேண்டும் என்று, வேலை இல்லாதபோது ஒலிச் சில்லு தூங்கிவிடும்படி அமைத்திருப்பார்கள். திடீரென ஓசை வரும்போது அது விழிக்கச் சிறு நேரம் பிடிக்கும். அதற்குள் முதல் அசை போய்விடுகிறது. 'ஒன்றரை'யும் 'இரண்டரை'யும் 'அரை' ஆவது இப்படித்தான்.

இதைக் கண்டறிவது எளிது. ஒரே செய்தியை இடைவெளி விடாமல் இரண்டு முறை போடுங்கள். முதல் முறை தலை வெட்டுப்பட்டு, இரண்டாம் முறை முழுதாகக் கேட்டால் காரணம் தூக்கமே. சார்ஜரில் சரியாக இருந்து பேட்டரியில் மட்டும் வெட்டினாலும் சந்தேகம் இதன்மேல்தான். லினக்ஸ் அறிந்தவரிடம், "ஒலி ஓட்டியின் பவர் சேவ் மதிப்பை 0 ஆக்குங்கள். பைப்வயரின் ஓய்வு நேரத்தையும் நிறுத்துங்கள்" என்று கேளுங்கள். கால் மணி நேர வேலை. நாம் சொன்ன கடையில் இப்படித்தான் குறை தீர்ந்தது.

எது எப்படி இருந்தாலும், பேசி வந்த ஆர்டரைச் சாமான் கட்டும் முன் எழுத்தில் திருப்பி அனுப்பி "சரிதானா?" என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம் வேண்டும். மெஷின் சரியாக இருந்தாலும் இது வேண்டும்.

செலவு செய்யும் முன்

ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். லினக்ஸை ஒரு பென்டிரைவில் ஏற்றி, ஹார்டு டிஸ்க்கைத் தொடாமல் அதிலிருந்தே மெஷினைத் திறக்கலாம். அதில் ஓசை ஒழுங்காக வந்தால் மதர்போர்டு மேல் பழி போட இடமில்லை. சில்லே பழுது என்றாலும், சில நூறு ரூபாய் யூ.எஸ்.பி. ஒலி அடாப்டர் ஒன்றைச் செருகிக் காலம் ஓட்டலாம்.

வந்து வந்து போகும் குறைக்கு நாட்குறிப்பே மருந்து. எந்தத் தேதி, எத்தனை மணி, சார்ஜரிலா பேட்டரியிலா, அப்போது எந்தப் புரோகிராம் திறந்திருந்தது என்று பேரேடு எழுதுவது போல எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எதனால் சரியாயிற்று என்பது தெரியாமல் போகும்.

உதவிக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. தமிழிலேயே ஐயம் கேட்கலாம். 2012 முதல் 'கணியம்' இதழும் இம்மென்பொருள்களைப் பற்றித் தமிழில் எழுதி வருகிறது. நாட்குறிப்போடு போய்க் கேட்பவருக்கு விடை சீக்கிரம் கிடைக்கும்.

எடைக்கல்லைச் சரிபார்த்துத்தான் தராசைப் பிடிக்கிறோம். வாடிக்கையாளர் சொல்லைக் கேட்கும் கருவியும் இன்று தராசுக்குச் சமம். அதையும் அவ்வப்போது சரிபார்த்து வைப்போம்.