பூத்த தெருவும் எழுந்த மதிலும்

ஜெர்மனியில் குளிர்காலம் நீண்டது. மரங்கள் மாதக்கணக்கில் மொட்டையாய் நிற்கும். ஆகவே ஏப்ரல் பிறந்ததும் மக்கள் உள்ளமும் மலர்கிறது. இசைமேதை பீத்தோவன் 1770-இல் பிறந்த பான் நகரில், பழைய பகுதித் தெருக்களில் செர்ரி மரங்கள் பூத்து, இளஞ்சிவப்புப் பந்தல் இடுகின்றன. கண்கொள்ளாக் காட்சி! ஆனால் சில நாட்களே நீடிக்கும்.

அங்கிருந்து தென்கிழக்கே பவேரியா மாநிலம் சென்றால், டாபர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேல் ரோட்டன்பர்க் என்னும் சிற்றூரைக் காணலாம். வசந்தத்தில் பள்ளத்தாக்கின் பழமரங்கள் பூக்கின்றன. மதிலும் கோபுரங்களும் சூழ்ந்த இவ்வூரின் புனித யாக்கோபு ஆலயத்தில், ரீமன்ஷ்னைடர் என்னும் சிற்பி மரத்தில் செதுக்கிய இறுதி இராவுணவுக் காட்சி ஐந்நூறு ஆண்டுகளாக நிற்கிறது.

ஊர் முழுவதும் அவ்வாறே பழமையானது என்று எண்ணிவிடாதீர்கள். 1945 மார்ச் 31, பெரிய சனிக்கிழமையன்று, விமானக் குண்டுகளால் முந்நூறு வீடுகளும் மதிலின் நெடும்பகுதியும் அழிந்தன. அடுத்துப் பீரங்கித் தாக்குதலும் வரவிருந்தது. அமெரிக்கப் போர்த்துறை உதவிச் செயலர் ஜான் மெக்ளாய், தம் தாயார் வாயிலாக அவ்வூரின் அழகை அறிந்திருந்தார்; அவர் தலையிட்டதால் எஞ்சிய பகுதி தப்பியது.

போருக்குப்பின் பல நாட்டினர் பொருளுதவி செய்து மதிலை எழுப்பினர். அவர்கள் பெயர்கள் மதிற்கற்களில் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஜப்பானியர் பெயர்களும் உண்டு.

மரங்கள் ஆண்டுதோறும் தாமே பூக்கும். இடிந்த ஊர் மீண்டும் எழவோ பலர் கைகொடுக்க வேண்டும்.