பழைய மடிக்கணினியும் கடைக் கணக்கும்



விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் பொதுவாக அளித்து வந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நின்றன. தனியே பதிந்து கொண்டோர்க்குச் சிறிது கால நீட்டிப்பு உண்டு, அவ்வளவே. விண்டோஸ் 11க்கு மாறலாமென்றாலோ, ஏறக்குறைய 2018க்கு முற்பட்ட கணினிகள் பெரும்பாலானவற்றை அது ஏற்பதில்லை. ஜொகூர் பாருவிலும் மூவாரிலும் பத்து பகாட்டிலும் கல்லாப்பெட்டிக்கு அருகே இன்னும் உழைத்துக் கொண்டிருக்கும் இத்தகைய மடிக்கணினியைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ள வேண்டுவதில்லை. அதில் லினக்ஸை நிறுவலாம்.

1991ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸுக்கு விலை கிடையாது. இது யாரோ சிலர் விளையாடும் பொருளென்று எண்ண வேண்டா. 2011 முதல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கிய இலவச மடிக்கணினிகளில் விண்டோஸுடன் ‘பாஸ்’ என்ற லினக்ஸும் இடம்பெற்றது.

ஆயினும் அவசரம் கூடாது. நிறுவும்போது ‘வட்டை முழுதும் அழி’ என்பதைத் தெரிவு செய்தால், உள்ளிருக்கும் நாள்வழியும் பேரேடும் கணப்பொழுதில் போய்விடும். மலேசிய வருமான வரிச் சட்டமோ வணிகப் பதிவேடுகளை 7 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. ஆதலின் முதலில் எல்லாக் கோப்புகளையும் இரு வெளி வட்டுகளில் தனித்தனியே நகலெடுங்கள். நகலெடுத்ததோடு நில்லாமல், வேறொரு கணினியில் அவற்றைத் திறந்து, சென்ற ஆண்டின் பற்று வரவு சரியாக இருக்கிறதாவெனப் பாருங்கள். திறந்து பாராத நகலை நகலென்று நம்பலாகாது.

அடுத்தது கணக்கு மென்பொருள். யுபிஎஸ், ஆட்டோகவுண்ட் முதலியவற்றின் கணினியில் நிறுவும் பதிப்புகள் விண்டோஸுக்கென எழுதப்பட்டவை. அவற்றை லினக்ஸில் ஓட்ட முயன்று மல்லாடுவதைக் காட்டிலும், அவ்வேலைக்கு ஒரு விண்டோஸ் 11 கணினியை ஒதுக்குவதே மேல். எக்செல் கோப்புகள் மட்டுமே வைத்திருப்போர்க்கு லிப்ரே ஆபீஸ் பெரும்பாலும் போதும். மேக்ரோ எழுதி வைத்தவர்கள் மட்டும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இனி நிறுவும் முறை. புதியவர்க்கு லினக்ஸ் மின்ட் ‘எக்ஸ்எஃப்சிஇ’ பதிப்பு ஏற்றது. 4 ஜிபி நினைவகத்தில் தடங்கலின்றி ஓடும். அதன் தளத்திலிருந்து கோப்பை இறக்கி, ரூஃபஸ் என்னும் கருவியால் 8 ஜிபி பென்டிரைவில் எழுதுக. பென்டிரைவில் முன்பிருந்தவை அழியும். கணினியை மூடித் திறக்கையில் எஃப்12, எஃப்2, எஸ்கேப் இவற்றுள் ஒன்று (கம்பெனிக்குக் கம்பெனி மாறும்) பென்டிரைவிலிருந்து தொடங்க வழி காட்டும். உடனே நிறுவிவிடாதீர்கள். வட்டைத் தொடாமலே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை கிடைக்கிறதா, ரசீது அச்சடிக்கும் பிரின்டர் வேலை செய்கிறதா, வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளம் ஃபயர்ஃபாக்ஸில் திறக்கிறதா என்று ஒரு நாள் முழுதும் பாருங்கள். திருப்தியான பின்பே ‘நிறுவு’ என்பதைச் சொடுக்குக.

நிறுவியபின் முதல் வேலை, அப்டேட் மேனேஜரில் திருத்தங்கள் அனைத்தையும் ஏற்றுவது. பிறகு டைம்ஷிஃப்டை இயக்கி வையுங்கள்; ஏதேனும் கெட்டால் பழைய நிலைக்குத் திரும்ப உதவும். வழக்கமான அமைப்பில் அது காப்பது இயங்குதளத்தையே, உங்கள் கணக்குக் கோப்புகளை அன்று. அவற்றுக்கு வாராந்தர நகல் தனியே வேண்டும்.

வேகத்துக்குப் பலர் பல சூத்திரம் சொல்வர். நினைவகம் குறைந்த கணினியில் ‘ஸ்வாப்பினஸ்’ அளவை 60லிருந்து 10க்கு இறக்குவது அவற்றுள் ஒன்று, பலன் சிறிதே. சுழலும் பழைய ஹார்ட்டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவதுதான் கண்கூடாகத் தெரியும் மாற்றம். அதை நிறுவுமுன்பே செய்து கொண்டால் இரட்டை வேலை மிச்சம். கழற்றிய பழைய வட்டும் அழியாத ஒரு நகலாக அலமாரியில் இருக்கும்.