செக் ஜாவாவில் ஒரு நடை

குடும்பத்துடன் நடந்துசெல்ல ஏற்ற இடங்களுள் ஒன்று, புலாவ் உபின் தீவின் கிழக்கு முனையிலுள்ள செக் ஜாவா. சாங்கியிலிருந்து படகில் அத்தீவுக்குச் செல்லலாம். செக் ஜாவாவில் ஒரு கிலோமீட்டருக்கும் அதிக நீளமான நடைபாதை, கடலோரமாகவும் சதுப்புநிலக் காட்டினூடேயும் செல்கிறது. கடல்நீர் வற்றும்போது கடற்புற்களும் நண்டுகளும் நட்சத்திர மீன்களும் தென்படும்.

2001ஆம் ஆண்டில் இக்கரையோரத்தை மண்ணிட்டு நிரப்பத் திட்டமிடப்பட்டிருந்தது. இயற்கை ஆர்வலர்கள் இங்கு வாழும் உயிரினங்களைப் பதிவுசெய்தனர். பொதுமக்களும் இவ்விடத்தைக் காக்குமாறு கேட்டுக்கொண்டனர். பணி தொடங்கவிருந்த வேளையில், அரசாங்கம் திட்டத்தை ஒத்திவைத்தது. பின்னர், 2007ஆம் ஆண்டில் நடைபாதை திறக்கப்பட்டது.

பலர் சேர்ந்து காத்த இடம் இது. இங்கிருந்து ஒரு சிப்பியைக்கூட எடுத்துவராமல் இருப்பது நம் கடமை.