காணாமல் போன கிராபிக்ஸ் கார்டு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

லேப்டாப்பில் தனி கிராபிக்ஸ் கார்டு தெரியவில்லை என்றால் நம்மூரில் இரண்டு வைத்தியங்கள்தான் வழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, ஃபார்மட் அடிப்பது. அதிலும் சரியாகவில்லை என்றால் போர்டைக் கழற்றிச் சூடுகாட்டுவது. முதல் வைத்தியத்தில் கோப்புகள் போகின்றன, இரண்டாவதில் பணம் போகிறது. பல நேரங்களில் அந்தக் கார்டுக்கு ஒரு குறையும் இருந்திருக்காது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

கார்டு தூங்கிக்கொண்டிருக்கலாம். அமைப்புகளில் யாராவது அதை அணைத்துவைத்திருக்கலாம். டிரைவர் இல்லாமல் நிற்கலாம். நிஜமாகவே பழுதாகியும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் நான்கும் ஒன்றுபோலவே தெரியும். ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து இன்னொன்றுக்குக் கேட்காது. எது என்று கண்டுபிடிக்க ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், கொஞ்சம் பொறுமை போதும்.

நம்பிக்கை: எங்கே பார்த்தாலும் இன்டெல் என்றுதான் காட்டுகிறது. அப்படியானால் என்விடியா கார்டு வேலை செய்யவில்லை.

உண்மை: இப்போதைய லேப்டாப்புகளில் பெரும்பாலானவை அப்படித்தான் காட்டும். என்விடியா 2010இல் ஆப்டிமஸ் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதில் திரைக்குப் போகும் கேபிள், பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸோடுதான் இணைந்திருக்கும். பின்கட்டில் சமைப்பது தனி கார்டு, இலையில் பரிமாறுவது உள்ளமைந்த கிராபிக்ஸ். திரையைக் கேட்டால் பரிமாறுகிறவரின் பெயரைத்தான் சொல்லும். வேலை இல்லாத நேரத்தில் தனி கார்டுக்கான மின்சாரமே நிறுத்தப்படும். பேட்டரி நீடிப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

டைரக்ட்எக்ஸ் சோதனைக் கருவியான டிஎக்ஸ்டயக்கைத் திறந்து ‘டிஸ்பிளே’ பக்கத்தில் இன்டெல் பெயரை மட்டும் பார்த்துவிட்டுக் கலங்குகிறவர்கள் நிறைய. பக்கத்திலேயே ‘ரெண்டர்’ என்று இன்னொரு பக்கம் இருக்கும். தனி கார்டின் பெயர் அங்கே இருக்கும். விண்டோஸ் 10இன் 2017 இலையுதிர்கால அப்டேட்டிலிருந்து டாஸ்க் மேனேஜரும் இரண்டையும் ஜிபியு 0, ஜிபியு 1 எனத் தனித்தனியாகக் காட்டுகிறது. ஜிபியு 1 பூஜ்யம் சதவீதத்தில் படுத்திருந்தால் அது ஓய்வு, நோயில்லை. என்விடியா கன்ட்ரோல் பேனலில் திரை தொடர்பான பகுதிகளே இல்லாமல் 3டி அமைப்புகள் மட்டும் இருப்பதும் திரை உள்ளமைந்த கிராபிக்ஸோடு இணைந்திருப்பதால்தான். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் சாதனப் பட்டியலில் ‘விஜிஏ’ என்று தேடி ஏமாறுவார்கள். இத்தகைய கார்டு அங்கே பெரும்பாலும் ‘3டி கன்ட்ரோலர்’ என்ற தலைப்பில் வரும்.

ஒரு மென்பொருள் பிடிவாதமாக இன்டெல்லையே பயன்படுத்தினால், விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்பிளே, கிராபிக்ஸ் என்று போய் அந்த மென்பொருளுக்கு ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ கொடுங்கள். பிளெண்டர் போன்றவற்றில் அவற்றின் சொந்த அமைப்புகளிலும் கார்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸில் சொன்னது மட்டும் போதாது.

நம்பிக்கை: டிவைஸ் மேனேஜரிலேயே பெயர் இல்லை. கார்டு செத்துவிட்டது.

உண்மை: பயப்படவேண்டிய இடம்தான். ஆனால் செத்துவிட்டது என்று முடிவுகட்டும் இடம் அல்ல. தூங்கும் கார்டு டிவைஸ் மேனேஜரில் தெரியும். அடியோடு அணைக்கப்பட்ட கார்டு தெரியாது. அணைக்கும் வசதியை லேப்டாப் நிறுவனங்களே கொடுத்திருக்கின்றன. ஏசுஸின் ஆர்மரி கிரேட் மென்பொருளில் ‘ஈகோ’ என்றொரு முறை இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் தனி கார்டு இயந்திரத்திலிருந்தே கழற்றப்பட்டதுபோல மறைந்துவிடும். ‘ஆப்டிமைஸ்டு’ என்ற முறையில் சார்ஜரைப் பிடுங்கியதும் மறையும், சொருகியதும் திரும்ப வரும். லெனோவாவின் லீஜியன் வரிசையிலும் உள்ளமைந்த கிராபிக்ஸை மட்டும் வைத்துக்கொள்ளும் முறை உண்டு. பழைய திங்க்பேடுகள் சிலவற்றில் இந்தத் தேர்வு பயாஸுக்குள்ளேயே இருக்கும். பேட்டரி கூடுதலாக நிற்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அழுத்தியிருப்பார்கள். மூன்று மாதம் கழித்து அது நினைவில் இருக்காது.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் கட்டடக்கலை படிக்கிறாள். அவள் லேப்டாப்பில் இப்படித்தான் கார்டு மறைந்தது. சர்வீஸ் கடையில் ஃபார்மட் செய்து கொடுத்தார்கள். அதன் பிறகும் வரவில்லை.

“மாமா, போர்டே மாத்தணுமாம். கார்டு போயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க” என்று வந்து நின்றாள்.

“கடைசியா எப்பம்மா கார்டு ஓடிச்சு?”

“ஊருக்குப் போறதுக்கு முன்னாடி. பஸ்ல பேட்டரி நிக்கணும்னு எதையோ மாத்தினேன்.”

அந்த ‘எதையோ’வில்தான் விடை இருந்தது. கார்டை அணைத்த குறிப்பு விண்டோஸில் இல்லை, போர்டிலேயே பதிவாகியிருந்தது. அதனால் விண்டோஸை அழித்தும் அது அழியவில்லை. அதைத் திரும்பப் போடும் மென்பொருளோ ஃபார்மட்டில் போய்விட்டது. தயாரிப்பாளரின் தளத்திலிருந்து அதை மறுபடி இறக்கி நிறுவி, வழக்கமான முறையைத் தேர்ந்தெடுத்தோம். திரை ஒருமுறை கறுத்து வெளுத்தது, டிவைஸ் மேனேஜர் பட்டியல் தானாகக் கலைந்து மறுபடி அடுக்கிக்கொண்டது, இன்டெல்லுக்குக் கீழே என்விடியாவின் பெயர் வந்தது. டெஸ்க்டாப்பில் வைத்திருந்த அவளுடைய இறுதியாண்டு மாடல்கள் மட்டும் வரவில்லை. அந்தப் பிள்ளை அழுததைப் பார்த்த பிறகுதான் இந்தப் பத்தியை எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

ஆகவே பெயர் இல்லையென்றால் வரிசையாக இதைச் செய்யுங்கள். டிவைஸ் மேனேஜரில் ‘வியூ’ மெனுவுக்குப் போய் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொல்லுங்கள். கார்டின் பெயர் மங்கலாக வந்து, உள்ளே திறந்தால் ‘கோட் 45’ என்று இருந்தால், முன்பு இருந்த சாதனம் இப்போது இணைப்பில் இல்லை என்று விண்டோஸ் சொல்கிறது. அடுத்து, நிறுவனத்தின் மென்பொருளிலும் பயாஸிலும் கிராபிக்ஸ் முறை என்னவாக இருக்கிறது என்று பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடத்துக்கும் மேலாக அழுத்திப் பிடியுங்கள். இது மந்திரம் போலத் தோன்றும், ஆனால் காரணம் உண்டு. போர்டில் மின்சார விநியோகத்தைக் கவனிக்கும் சின்னக் கன்ட்ரோலர் ஒன்று இருக்கிறது. நாம் ஷட்டௌன் செய்தாலும் அது விழித்தேதான் இருக்கும். தப்பான நிலையில் அது மாட்டிக்கொண்டால் கார்டுக்கு மின்சாரமே விடாது. மிச்ச மின்சாரத்தை வடித்தால் அது முதலிலிருந்து தொடங்கும். சில லேப்டாப்புகளுக்கு அடியில் இதற்கென்றே ஊசித்துளை பட்டன் இருக்கும்.

நம்பிக்கை: எதற்கும் ஒருமுறை ஃபார்மட் அடித்துவிடலாம்.

உண்மை: ஃபார்மட் கடைசிப் படி. டிரைவர் கோளாறு என்றால் டிவைஸ் மேனேஜர் எண்ணாகவே சொல்லிவிடும். கோட் 22 என்றால் யாரோ முடக்கியிருக்கிறார்கள்; வலது க்ளிக் செய்து இயக்கினால் தீர்ந்தது. கோட் 28 என்றால் டிரைவரே இல்லை. ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்’ என்று பெயர் வந்தாலும் உரிய டிரைவர் ஏறவில்லை என்றே அர்த்தம். பெயரே இல்லாத சாதனமாக நின்றால் அதன் ‘ஹார்ட்வேர் ஐடி’யைப் பாருங்கள். 10டிஇ என்று இருந்தால் என்விடியா, 1002 என்றால் ஏஎம்டி, 8086 என்றால் இன்டெல். இந்த எண்ணைக் கார்டே சொல்கிறது. இதைச் சொல்லும் கார்டு முழுதாகச் செத்துவிடவில்லை.

கோட் 43தான் இரண்டு பக்கமும் அடிக்கும். டிரைவர் சிதைந்தாலும் வரும், கார்டின் மெமரி பழுதானாலும் வரும். பிரித்தறிய, டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவசக் கருவியை சேஃப் மோடில் ஓட்டிப் பழைய டிரைவரைத் துடைத்துவிட்டு, லேப்டாப் தயாரிப்பாளர் உங்கள் மாடலுக்கென்று கொடுத்திருக்கும் டிரைவரை முதலில் போட்டுப் பாருங்கள். அதன் பிறகும் 43 நின்றால் வன்பொருள் மீது சந்தேகப்படலாம்.

ஃபார்மட் செய்யாமலே வேறொரு இயங்குதளத்தைக் கொண்டு சாட்சி கேட்கவும் வழி இருக்கிறது. உபுண்டுவைப் பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமல் ‘ட்ரை’ முறையில் திறந்து, டெர்மினலில் எல்எஸ்பிசிஐ என்ற ஒற்றைக் கட்டளையை அடித்தால், போர்டு எந்தெந்தச் சாதனங்களைக் காண்கிறது என்று பட்டியல் வரும். உங்கள் கோப்புகளில் ஒன்றைக்கூட அது தொடாது. அங்கே கார்டு இருந்தால் குற்றம் பெரும்பாலும் விண்டோஸ் பக்கம். கிராபிக்ஸ் முறையைச் சரியாக வைத்து, மின்சாரத்தையும் வடித்த பிறகு அங்கேயும் இல்லையென்றால், அதை ஃபார்மட் கொண்டுவந்துவிடப் போவதில்லை. சர்வீஸ் கடைக்காரர்கள் இந்தப் பென்டிரைவ் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் எத்தனையோ மாணவர்களின் படிப்பு வேலை தப்பும்.

நம்பிக்கை: புது டிரைவர் போட்டால் எல்லாம் சரியாகும்.

உண்மை: கார்டு பழையதானால் தலைகீழ். மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறைக் கார்டுகளுக்கான வழக்கமான கேம் டிரைவர்களை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது. 940எம்எக்ஸ், எம்எக்ஸ்150, ஜிடிஎக்ஸ் 1050 எல்லாம் அந்தக் கணக்கில் வருகின்றன. அவற்றுக்கு 580 வரிசைதான் கடைசி. அதற்குப் பிந்தியதைப் போட்டால் பொருத்தமான கார்டு இல்லை என்று நிறுவியே சொல்லும். அந்த வாசகத்தைக் கண்டு கார்டு போய்விட்டது என்று நம்பாதீர்கள்.

நம்பிக்கை: சூடுகாட்டினால், ரீபாலிங் செய்தால் கார்டு உயிர்த்துவிடும்.

உண்மை: இந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2008 ஜூலையில், லேப்டாப்புகளுக்கு விற்ற தன் சிப்புகளில் சில அளவுக்கு மீறிப் பழுதாகின்றன என்று என்விடியா ஒப்புக்கொண்டு, அதற்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. சிப்பிலும் அதன் பேக்கேஜிலும் பயன்பட்ட பொருட்கள் பலவீனமானவை என்பதே சொல்லப்பட்ட காரணம். அதே ஆண்டு அக்டோபரில், ஜிஃபோர்ஸ் 8600எம் ஜிடி உள்ள மேக்புக் ப்ரோக்களை இலவசமாகச் சரிசெய்து தருவதாக ஆப்பிள் அறிவித்தது. உலகெங்கும் ஆட்கள் போர்டை அடுப்பில் வைக்கத் தொடங்கிய காலம் அது. சூடுகாட்டினால் கார்டு வந்தது என்பதும் பொய்யல்ல.

ஏன் வந்தது என்பதில்தான் தவறு. கிராபிக்ஸ் சிப்பில் இரண்டு அடுக்குச் சால்டர் இருக்கிறது. சிலிக்கான் துண்டை அதன் அடித்தட்டோடு ஒட்டும் கண்ணுக்குத் தெரியாத நுண்புள்ளிகள் மேலே. அந்த அடித்தட்டை மதர்போர்டோடு ஒட்டும் உருண்டைகள் கீழே. ரீபாலிங்கில் மாற்றுவது கீழே உள்ள உருண்டைகளை. அந்தச் சிப்புகளில் விரிசல் விட்டதோ மேலே உள்ள நுண்புள்ளிகள். இயந்திரம் ஓடும்போது சூடேறி, அணைத்ததும் ஆறி, மறுநாள் மறுபடி சூடேறி, அந்தப் புள்ளிகள் களைத்து வெடித்தன. 2006இல் ஐரோப்பா ஈயத்தைத் தடைசெய்ததால் வந்த ஈயமில்லாச் சால்டர்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று பலர் பழிபோட்டார்கள். ஆனால் அந்த நுண்புள்ளிகளில் இருந்தது ஈயம் மிகுந்த சால்டர். சூடுகாட்டும்போது விரிந்த உலோகம் விரிசலின் இரு கரைகளையும் தொடவைக்கும், படம் வரும். வாடிக்கையாளர் காசு கொடுத்துவிட்டுப் போவார். சில நாளிலோ சில வாரத்திலோ விரிசல் மறுபடி திறக்கும்.

ஈயமில்லாச் சால்டர் உருகக் கிட்டத்தட்ட 217 டிகிரி செல்சியஸ் வேண்டும். வீட்டு அடுப்பில் அதற்கு முன்பே பிளாஸ்டிக் இணைப்பிகளும் கெப்பாசிட்டர்களும் கெட ஆரம்பிக்கும். கடையில் ரீபாலிங் என்று சொன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: அதே சிப்பையா திரும்ப வைக்கிறீர்கள், புதுச் சிப்பா? புதுச் சிப் என்றால் பேசலாம். அதே சிப் என்றால் பணத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை: மேலே ஸ்டிக்கர் இருக்கிறது, உள்ளே கார்டு இருக்கும்.

உண்மை: ஒரே மாடல் கார்டோடும் கார்டு இல்லாமலும் விற்கப்படுவது சாதாரணம். ரைசன் பிராசஸரில் உள்ளமைந்த கிராபிக்ஸின் பெயரே ‘ரேடியான் கிராபிக்ஸ்’ என்று வருவதால், ரேடியான் என்ற பெயரைப் பார்த்துத் தனி கார்டு என்று நம்பி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். சென்னை ரிச்சி தெருவிலோ வேறெங்கோ பழைய லேப்டாப் வாங்கும்போது, சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டால் பெரும்பாலான பெரிய நிறுவனங்கள் அந்த இயந்திரம் என்னென்னவற்றோடு வெளியே வந்தது என்று காட்டும். கடையிலேயே பாருங்கள்.

நம்பிக்கை: கார்டு போனால் லேப்டாப்பே போன மாதிரி.

உண்மை: ஆப்டிமஸ் வகையில் திரை உள்ளமைந்த கிராபிக்ஸோடு இணைந்திருப்பதால், பெரும்பாலும் தனி கார்டு இல்லாமலே இயந்திரம் ஓடும். செத்த கார்டு அடிக்கடி எழுந்து இயந்திரத்தை உறையவைத்தால், டிவைஸ் மேனேஜரிலோ பயாஸிலோ அதை முடக்கிவிடுங்கள். திரையை நேராகத் தனி கார்டோடு இணைக்கும் சுவிட்ச் உள்ள கேமிங் லேப்டாப்புகளில், கார்டு தடுமாற ஆரம்பித்ததுமே, திரையை உள்ளமைந்த கிராபிக்ஸோடு இணைக்கும் ஹைப்ரிட் முறைக்கு மாற்றிவிடுவது நல்லது. முழுக்கப் போன பிறகு மாற்றத் திரை இருக்காது. 2011 மேக்புக் ப்ரோக்களில் ஏஎம்டி கார்டு பழுதானபோது பல இயந்திரங்கள் திறக்கும் கட்டத்திலேயே நின்றுபோயின. ஆப்பிள் 2015 பிப்ரவரியில்தான் அவற்றுக்கு இலவசப் பழுதுநீக்கம் அறிவித்தது. அதற்கு முன்பே கைக்காசு கொடுத்துச் சரிசெய்தவர்களால் அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்க முடிந்தது. உங்களுக்கும் அப்படியொரு நாள் வரலாம், அதனால் சர்வீஸ் கடையில் என்ன பழுது, எதை மாற்றினார்கள் என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.