நன்றாக ஓடும் காருக்கு எதைச் செய்வது, எதை விடுவது

இலவச சர்வீஸ் எல்லாம் முடிந்து, கையிலிருந்து காசு கொடுத்துச் செய்யும் முதல் சர்வீஸுக்குப் போகிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். வண்டியில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் சர்வீஸ் சென்டரில் "இதையும் செய்துவிடலாமா சார், அதையும் பார்த்துவிடலாமா மேடம்" என்று கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர்களும் உண்டு, எல்லாவற்றையும் மறுத்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. இரண்டிலும் நஷ்டம் உண்டு.

1. யார் சொல்கிறார், யார் பணம் கொடுக்கிறார் என்பதை முதலில் பாருங்கள். வண்டியைச் செய்த கம்பெனி தன் செலவில் செய்து தருகிறேன் என்றால் அது ஒரு வகை. கம்பெனி கொடுத்த ஓனர்ஸ் மானுவலில் இத்தனை கிலோமீட்டரில், இத்தனை மாதத்தில் என்று அச்சடித்திருப்பது இரண்டாவது வகை. இந்த இரண்டிலும் இல்லாமல், டீலர் உங்கள் செலவில் செய்யச் சொல்வது மூன்றாவது. முதல் இரண்டையும் தவற விடாதீர்கள். மூன்றாவதில் அவசரம் வேண்டாம்.

2. ரீகால், அதாவது குறையுள்ள வண்டிகளைக் கம்பெனியே திரும்ப அழைத்துத் தன் செலவில் சரிசெய்வது, என்று வந்தால், வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது என்று தள்ளிப்போடாதீர்கள். ரீகால் செய்யப்படும் குறைகளில் பல, வெடிக்கும் நாள்வரை வெளியே தெரியாது. தகாட்டா கம்பெனியின் ஏர்பேக் விவகாரத்தை நினைத்துப் பாருங்கள். ஏர்பேக்கை ஊதவைக்கும் அம்மோனியம் நைட்ரேட், வருடக்கணக்கில் வெயிலையும் ஈரக்காற்றையும் தாங்கித் தாங்கிக் கெட்டுப்போனது. விபத்து நேரத்தில் அளவுக்கு மீறி வெடித்து, அதன் இரும்புக் கூடே சிதறி, காப்பாற்ற வேண்டிய பையே ஆளைக் குத்தியது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி ஏர்பேக்குகள் திரும்ப அழைக்கப்பட்டன. நம் நாட்டிலும் ரீகால் நடந்தது. அந்த வண்டிகளில் சத்தம் இல்லை, புகை இல்லை, மைலேஜ் குறையவில்லை. வெயிலும் ஈரமும் சேர்ந்த நம் கடற்கரை ஊர்க்காரர்கள் இதை மறக்கவே கூடாது.

2020 ஜூலையில் மாருதி, எரிபொருள் பம்ப்பில் குறை இருக்கலாம் என்று வேகன்ஆர், பலேனோ வண்டிகள் 1,34,885ஐத் திரும்ப அழைத்தது. 'இருக்கலாம்' என்பதுதான் காரணம். பம்ப் நின்றால் பைபாஸ் நடுவில் லாரிக்கு முன்னால் வண்டி நிற்கும். 2012 முதல் நம் நாட்டுக் கம்பெனிகள் ரீகாலைத் தாங்களாக முன்வந்து செய்துகொண்டிருந்தன. 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் அதைச் சட்டக் கடமையாக்கியது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன.

பழைய வண்டி வாங்கியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கடிதமும் போனும் முதல் உரிமையாளருக்கே போயிருக்கும். ஆர்சி புத்தகத்தில் உள்ள 17 எழுத்து சேசிஸ் நம்பரைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், அல்லது சர்வீஸ் சென்டரில் கொடுத்து, "இந்த வண்டிக்கு ரீகால், கேம்பெயின் ஏதாவது பாக்கி இருக்கிறதா?" என்று கேளுங்கள்.

3. கேம்பெயின் என்பது ரீகால் அளவுக்குப் பெரியது அல்ல. ஒரு பாகத்தில் பரவலாகப் புகார் வந்தால், சர்வீஸுக்கு வரும் வண்டிகளில் இலவசமாக மாற்றிக் கொடுக்கச் சொல்லிக் கம்பெனி டீலருக்கு எழுதும். பத்திரிகையில் வராது, நீங்கள் கேட்டால்தான் தெரியும். பிரேக், ஸ்டீயரிங், எரிபொருள் சம்பந்தப்பட்டதென்றால் உடனே செய்துகொள்ளுங்கள். சாஃப்ட்வேர் அப்டேட் என்றால், எதற்காக, எது மாறும் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு சம்மதியுங்கள். பெரும்பாலும் பழைய சாஃப்ட்வேருக்குத் திரும்ப வழி கிடையாது. பாட்டுப் பெட்டி சம்பந்தப்பட்டது மட்டும் என்றால் அடுத்த சர்வீஸ்வரை காத்திருக்கலாம்.

4. மானுவலில் இருப்பதைச் செய்ய, வண்டி தொந்தரவு கொடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. பிரேக் ஆயில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும், உறிஞ்ச உறிஞ்சக் கொதிநிலை இறங்கும். ஊருக்குள் ஓட்டும்போது வித்தியாசமே தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது, மிதித்து மிதித்துச் சூடேறி உள்ளே ஆவிக்குமிழ் உண்டானால், பெடல் பிடிமானமில்லாமல் தரைவரை போய்விடும். பல வண்டிகளுக்கு 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லியிருப்பார்கள். உங்கள் வண்டிக்கு எத்தனை என்று மானுவலில் பாருங்கள். கூலன்ட்டையும், டைமிங் பெல்ட் உள்ள வண்டிக்கு அந்த பெல்ட்டையும் இப்படியே மானுவல் பார்த்து மாற்றுங்கள்.

5. எஸ்டிமேட்டை வரி வரியாகப் படியுங்கள். மொத்தத் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்ஜின் ஃப்ளஷ் என்று ஒரு வரி இருக்கும். இன்ஜின் ஆயிலிலேயே அழுக்கைக் கரைக்கும் மருந்து கலந்துதான் வருகிறது. காலத்தில் ஆயில் மாற்றிய இன்ஜினில் கழுவி எடுக்க ஒன்றும் சேர்ந்திருக்காது. வருடக்கணக்கில் மாற்றாத இன்ஜினிலோ, கெட்டியான கசடு பெயர்ந்துபோய் ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைத்துவிடக்கூடும். இரண்டு நிலையிலும் எனக்கு இது தேவையாகப் படவில்லை.

அடுத்தது டீகார்பனைசிங், அதாவது இன்ஜினுக்குள் படிந்த கரியை எடுப்பது. சாதாரண பெட்ரோல் கார்களில் பெட்ரோல், வால்வுக்கு முன்னாலேயே பீய்ச்சப்படுவதால், வால்வின் முதுகை அதுவே கழுவிக்கொண்டிருக்கும். பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் சில டர்போ வண்டிகளில்தான் அங்கே கரி படியும். அப்படிப் படிந்தாலும், நிற்கும்போது இன்ஜின் உதறுவது, இழுவை குறைவது என்று வண்டியே காட்டிக்கொடுக்கும். அது தெரிந்த பிறகு செய்தால் போதும்.

டயருக்கு நைட்ரஜன் என்பார்கள். நாம் சும்மா அடிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மாதம் ஒருமுறை காற்றழுத்தம் பார்ப்பதே போதும். வீல் அலைன்மென்ட்டை மட்டும் நான் தடுப்பதில்லை. நம் சாலைப் பள்ளங்களுக்கு அது வேண்டும், டயர் விலையோடு பார்த்தால் செலவும் கம்மி.

6. அண்டர்பாடி கோட்டிங் ஊரைப் பொறுத்தது. இன்றைய கார்கள் துருத்தடுப்புப் பூச்சோடுதான் தொழிற்சாலையை விட்டு வருகின்றன. ஈரோட்டில், திருச்சியில் ஓடும் வண்டிக்கு மேற்கொண்டு பூச வேண்டியதில்லை. நாகப்பட்டினம், தூத்துக்குடி போல உப்புக்காற்றில் நிற்கும் வண்டிக்கு யோசிக்கலாம். செய்தால் ஒன்றைக் கவனியுங்கள். கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடிய சிறு சிறு துளைகள் இருக்கும். பூச்சு அவற்றை அடைத்தால் மழைத்தண்ணீர் உள்ளேயே தேங்கி, துருவைத் தடுக்கப் போட்டதே துருவைக் கொண்டுவரும். வண்டியை எடுக்கும்போது குனிந்து, ஒவ்வொரு துளையாக விரலால் தடவிப் பாருங்கள்.

7. பார்க்க முடிந்ததை நீங்களே பாருங்கள். பல கார்களில் கேபின் ஃபில்டர், இடப்பக்க டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும். பெட்டியை இருபக்கமும் உள்நோக்கி அழுத்தினால் கீழே தொங்கும், பின்னால் இருக்கும் மூடியைக் கழற்றி ஃபில்டரை இழுத்துவிடலாம். வேப்பமரத்தடியில் நிறுத்தும் வண்டியில் சருகும் தூசியுமாக வரும். தட்டினாலும் வெளுக்காத அளவுக்குக் கறுத்திருந்தால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் திரும்பப் போடுங்கள்.

8. ஒழுங்காக ஓடும் ஒன்றைப் பிரிக்கச் சொல்லாதீர்கள். கழற்றும்போது ஒரு கிளிப் உடையலாம், ஒரு சென்சார் பிளக் சரியாக உட்காராமல் போகலாம். முன்பு இல்லாத கடகட சத்தத்தோடு வண்டி வீடு வரும்.

9. சர்வீஸ் அட்வைசரிடம் கோபப்படாதீர்கள். அவருக்கும் மாத டார்கெட் இருக்கிறது, வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். "அண்ணா, இது மானுவலில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? காட்டுங்கள், செய்துவிடலாம்" என்று மரியாதையாகக் கேளுங்கள். காட்ட முடியாததை அவரே எடுத்துவிடுவார். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

10. வாரண்டி முடிய ஒரு மாதம் இருக்கும்போது, குறை இல்லாவிட்டாலும் ஒருமுறை கொண்டுபோய்க் காட்டுங்கள். சின்னச் சத்தம், லேசான ஆயில் கசிவு, எதுவானாலும் வாயால் சொல்லிவிட்டு வராமல் ஜாப் கார்டில் எழுதச் சொல்லி, தேதியோடு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். வாரண்டி முடிந்த பிறகு அதே குறை பெரிதானால், முன்பே சொன்னேன் என்று காட்ட உங்கள் கையில் இருப்பது அந்தத் தாள்தான்.