மாஸ்க் கழட்டாத பிள்ளை

என் அண்ணன் மகள் பதினோராம் வகுப்புப் படிக்கிறாள். கொரோனா ஓய்ந்து ஊரே மாஸ்கை மறந்த பிறகும் அவள் மட்டும் கழட்டவில்லை. குறுவை அறுவடைக்குத் திருவையாறு பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தபோதுதான் கவனித்தேன். சாப்பிடும்போதுகூடச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். இராத்திரி கொல்லையில் முகம் கழுவிக்கொண்டிருந்தவளின் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். இரண்டு கன்னமும் செக்கச் செவேலென்று இருந்தன. தோல் மெலிந்து, உள்ளே நூல் நூலாய் நரம்பு தெரிந்தது. அதன்மேல் அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவில் பொடிப்பொடியாய்ப் பரு.

"என்னடி போடுற மூஞ்சில?"

"ஒரு க்ரீம் அத்தை. போட்டா நாலே நாள்ல பளிச்சுன்னு ஆயிடும். விட்டா முன்னைவிட அதிகமா வருது. அதான் விடாம போடுறேன்."

டியூபை வாங்கிப் பொடி எழுத்தைப் படித்தேன். மொமெட்டசோன், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின். மங்கு உள்ளவர்களுக்கு, கொஞ்ச நாளுக்கு மட்டும், மருத்துவர் பார்வையில் போடச் சொல்கிற மருந்து இது. இதில் மொமெட்டசோன் என்பது ஸ்டீராய்டு. பருவுக்கு இது ஆகவே ஆகாது. முதலில் சிவப்பை அமுக்கிக் காட்டும். பிறகு தோலைக் கரைக்கும், பருவையும் கிளப்பும். 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அறிவித்துவிட்டது. ஆனாலும் பிள்ளை போய்க் கேட்டதும் மருந்துக் கடையில் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். எட்டு மாதமாக.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜுக்குக் கூட்டிப் போனேன். தோல் பிரிவில் ஓ.பி. சீட்டோடு உட்கார்ந்திருந்தவர்களில் அவள் வயதுப் பிள்ளைகளே நிறைய. டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். வயதுக்கு வரும் பருவத்தில் ஆண்ட்ரோஜன் சுரந்து, தோலில் எண்ணெய் கூடும். துளையின் வாயில் செத்த தோல் அடைத்துக்கொள்ளும். உள்ளே கிருமி பெருகி வீங்கும். அழுக்கும் காரணமில்லை, உடம்புச் சூடும் காரணமில்லை. இதைக் கேட்டதும் பிள்ளை அழுதுவிட்டாள். 'ஒழுங்கா மூஞ்சி கழுவுறதில்ல' என்று வீட்டில் எத்தனை முறை சொல்லியிருப்போம்!

க்ரீமை நிறுத்திய முதல் மாதம்தான் நரகம். முகம் எரிந்து, பரு பொங்கிக்கொண்டு வரும். அதை டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டதால்தான் அவளால் தாங்க முடிந்தது. மாத்திரை, வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், வெயிலுக்கு சன்ஸ்க்ரீன், அவ்வளவுதான். தோல் ஆறிய பிறகு இராத்திரி அடாப்பலீன் 0.1% ஜெல் தொடங்கினார்கள். ஒரு பட்டாணி அளவு முழு முகத்துக்கும் போதும். பரு மேல் மட்டும் புள்ளி வைக்கக் கூடாது. இன்றைக்குத் தெரிகிற பரு பல வாரத்துக்கு முன்பே உள்ளே உருவாகத் தொடங்கியது. அதனால் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். பத்து நாளில் 'கேக்கல' என்று மருந்தை மாற்றுகிறவர்கள்தான் அதிகம் கெடுத்துக்கொள்கிறார்கள். காலையில் பென்சாயில் பெராக்சைடு 2.5%. அதிலேயே 10% கிடைக்கிறது, ஆனால் அது எரிச்சலைத்தான் கூட்டுகிறது, குணத்தை அல்ல. இந்த மருந்து தலையணை உறையை வெளுத்துவிடும், பழைய துணி போட்டுக்கொள்ளுங்கள். கிளிண்டமைசின் ஜெல்லை மட்டும் தனியாக மாதக்கணக்கில் பூசாதீர்கள். கிருமி அதற்குப் பழகிவிடும்.

எனக்கு அவள் வயதில் பரு வந்தபோது பாட்டி சாதிக்காயும் சந்தனமும் இழைத்துப் போட்டாள். கல்லில் அவள் கை சுற்றிக்கொண்டே இருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. எலுமிச்சைச் சாறு தடவிக்கொண்டு வயலுக்குப் போனது என் சொந்தப் புத்தி. வெயில் பட்டு வெந்து, நெற்றியில் கறுத்த திட்டு மாதக்கணக்கில் போகவில்லை. பற்பசையும் அப்படித்தான் சுடும். தலையில் வழிய வழிய எண்ணெய் வைத்தால் நெற்றியில் சிறு பருக்கள் வரும். எண்ணெயைக் கொஞ்சமாக, நெற்றியில் இறங்காமல் வைத்தாலே பாதி குறையும். நடவு, களையெடுப்பு என்று வேர்த்து வந்தால் முகத்தைத் தேய்க்காமல் தண்ணீர் விட்டுக் கழுவி, மெத்தென்ற துண்டால் ஒற்றியெடுங்கள். கிள்ளாதீர்கள். நம் நிறத்தில் பரு ஆறினாலும் கறுப்புத் தழும்பு தங்கும், கிள்ளினால் குழியே விழும்.

சாப்பாட்டைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். இனிப்பு, மைதா, சோடா குறைத்தால் சிலருக்கு நன்றாகவே குறைகிறது. பால் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. சோற்றை விடச் சொல்லி எந்த டாக்டரும் என்னிடம் சொன்னதில்லை. கொஞ்சமாக வைத்துக் காய்கறியும் பருப்பும் கூட்டச் சொன்னார்கள்.

முப்பத்தாறு வயதில் எனக்கே தாடையோரம் மறுபடி வந்தது, மாதவிலக்குக்கு ஒரு வாரம் முன்பாக. 'இந்த வயசிலயா?' என்று கேட்டவர்கள் உண்டு. இந்த வயதில் பெண்களுக்கு இது சகஜம். மாதவிலக்கு தள்ளிப் போகிறது, முகத்தில் ரோமம் கூடுகிறது என்றால் சினைப்பை நீர்க்கட்டி இருக்கிறதா என்று பாருங்கள். வெளிப்பூச்சு மட்டும் போதாது. பெரிய கட்டியாக வந்து குழி விழுகிறவர்களுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை நல்ல பலன் தரும். ஆனால் கர்ப்பத்தில் பிள்ளைக்குக் கடுமையான ஊனம் வரக்கூடும். சாப்பிடும்போதும், நிறுத்தி ஒரு மாதம் வரையும் கரு தரிக்கவே கூடாது. அடாப்பலீனையும் கர்ப்பத்தில் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

பிள்ளை சாப்பிடாமல், பள்ளிக்கூடம் போகாமல் முகத்தை மூடிக்கொண்டு கிடந்தால் 'வயசுப் பரு, தானா போயிடும்' என்று விட்டுவிடாதீர்கள். அன்றே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

போன வாரம் அண்ணன் மகள் போன் செய்தாள். "அத்தை, ஜெல் தீந்துடுச்சு, வரும்போது வாங்கிட்டு வாங்க." உடனே வாட்ஸ்அப்பில் டாக்டர் சீட்டின் படத்தையும் அனுப்பியிருந்தாள். படத்தின் ஓரத்தில், சீட்டைப் பிடித்திருந்த விரல்களோடு, மாஸ்க் இல்லாத பாதி முகமும் விழுந்திருந்தது.