குறிவரைவை 0-இல் நிறுத்தும் மேக்ரோ

இந்த மாதக் கணினிப் பாடம் எக்செல் மேக்ரோ. 'எனக்கும் கோடிங்குக்கும் ரொம்ப தூரம்'னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. ஒரு வரிகூட எழுதாமல் இதைச் செய்யலாம்.

முதலில் மூன்று எண்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, மலேசியக் குடிமக்களில் இந்தியர்களின் பங்கு 2000-இல் 7.7 விழுக்காடு, 2010-இல் 7.3, 2020-இல் 6.7. இதை இரண்டு பத்திகளாகத் தட்டுங்கள். ஆண்டுகளுக்கு மேலே இருக்கும் கட்டத்தைக் காலியாக விடுங்க. இல்லேன்னா ஆண்டையும் எக்செல் ஒரு பட்டையா வரைஞ்சிடும். பிறகு 'இன்சர்ட்' போய் பட்டைக் குறிவரைவு ஒன்றைப் போடுங்கள்.

படத்தைப் பாருங்கள். 2020-இன் பட்டை 2000-இன் பட்டையில் பாதிகூட இல்லை. ஆனால் உண்மையான இறக்கம் 7.7-இல் 1.0, அதாவது ஏறக்குறைய 13 விழுக்காடுதான். ஏன் இப்படி? பெரிய எண்ணுக்கும் சிறிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம், பெரியதில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால், எக்செல் செங்குத்து அச்சை 0-இல் தொடங்காது. இங்கே 6-க்குப் பக்கத்தில் தொடங்கும். கீழே உள்ள பெரும்பகுதி வெட்டுப்பட்டு, நுனி மட்டும் தெரியும்.

இந்தப் படத்தை அப்படியே கூட்டத்தில் திரையில் போட்டால், பின்வரிசையில் இருப்பவர் 'நாம பாதியாயிட்டோம்'னுதான் நினைப்பார். அவர் அதைப் படம்பிடித்துப் புலனத்தில் போட்டால் கதை முடிஞ்சது. உண்மையில் நம் எண்ணிக்கை இந்த இருபது ஆண்டில் சுமார் 17 லட்சத்திலிருந்து 20 லட்சம் அளவுக்குக் கூடியிருக்கிறது. மொத்தத்தில் நம் பங்குதான் குறைந்திருக்கிறது. அந்தக் குறைவை மறைக்க வேண்டாம். உள்ள அளவில் காட்டினால் போதும்.

இப்போ மேக்ரோ செய்வோம்.

1. 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'கஸ்டமைஸ் ரிப்பன்' போய் 'டெவலப்பர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

2. குறிவரைவை ஒருமுறை சொடுக்கிவிட்டு, 'டெவலப்பர்' பகுதியில் 'ரெக்கார்ட் மேக்ரோ'வை அழுத்துங்கள். பெயரில் இடைவெளி கூடாது. குறுக்கு விசையாக 'ஷிஃப்ட்'டோடு 'இசட்' கொடுங்கள்.

3. செங்குத்து அச்சை இருமுறை சொடுக்கி, 'மினிமம்' கட்டத்தில் 0 தட்டி 'என்டர்' அழுத்துங்கள்.

4. 'ஸ்டாப் ரெக்கார்டிங்'. அவ்வளவுதான்!

இனி எந்தப் பட்டைக் குறிவரைவைச் சொடுக்கி 'கண்ட்ரோல்', 'ஷிஃப்ட்', 'இசட்' மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் அச்சு 0-க்கு வந்துவிடும். வேறொரு குறிவரைவில் வேலை செய்யலையா? 'ஆல்ட்' + 'எஃப்8' அழுத்தி, 'எடிட்' போய்ப் பாருங்கள். 'சார்ட் 1' என்று ஒரு படத்தை மட்டும் பெயர் சொல்லும் வரி இருந்தால், அதை அழித்துவிடுங்கள். 'மினிமம்ஸ்கேல் = 0' என்று முடியும் வரியைத் தொடாதீங்க; முழு வேலையையும் செய்வது அதுதான்.

கவனிக்க வேண்டியவை: கோப்பை 'மேக்ரோ எனேபிள்ட் ஒர்க்புக்' வகையில் சேமியுங்கள், சாதாரண வகையில் மேக்ரோ தங்காது. மேக்ரோ ஓடிய பிறகு 'அன்டூ' செய்ய முடியாது, அதனால் முன்பே சேமித்துவிடுங்கள். கைப்பேசியில் இது ஓடாது. இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோவை மைக்ரோசாஃப்ட் 2022 முதல் தானாகவே தடுக்கிறது. காரணம், மேக்ரோ வழியாகவும் வைரஸ் வரும். யார் செய்தது என்று தெரியாத கோப்பில் அந்தத் தடையை நீக்காதீர்கள்.

எல்லாப் படத்துக்கும் 0 பொருந்துமா? இல்லை. பட்டையில் நம் கண் உயரத்தை அளக்கிறது, அதனால் 0 கட்டாயம். கோட்டுக் குறிவரைவில் கண் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கிறது. காய்ச்சல் கணக்கை 0 பாகையிலிருந்து வரைந்தால் ஒன்றுமே தெரியாது, இல்லையா?

பயிற்சி: மஸ்ஜித் இந்தியாவில் ஒரு துணிக்கடை. ஒரு மாத விற்பனை 50,000 வெள்ளி, அடுத்த மாதம் 48,000 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எக்செல் தானாக வரையும் படம், பிறகு மேக்ரோ ஓடிய படம், இரண்டையும் வீட்டில் ஒருவரிடம் காட்டி, 'கடை எப்படிப் போகுது?' என்று கேளுங்கள். ஒரே கணக்குக்கு என்னென்ன பதில் வருதுன்னு குறிச்சு வைங்க. அடுத்த கூட்டத்தில் பேசுவோம்.